காயலான் கடையில் ஒரு விளக்கு

சங்கரன்கோவிலில் பழைய பியட் கார் ஒன்றை வைத்திருப்பவருக்கு, அதன் முன்புற இண்டிகேட்டர் விளக்கின் கண்ணாடி உடைந்துபோனால் அவர் எங்கே போவார்? கேள்வி மிக அற்பமானதாகத் தோன்றும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு மஞ்சள் கண்ணாடி, அதன் பின்னே ஒரு சிறு பல்பு, இரண்டு திருகாணிகள். இவ்வளவுதான் பொருள். ஆனால் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு, "அண்ணாச்சி, இது புதுசா வராது; காயலான் கடையிலதான் பாக்கணும்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு புறப்படுகிறவர், தம்மை அறியாமலேயே, எழுநூறு ஆண்டு வணிக வரலாறு ஒன்றின் ஓரமாக நடக்கத் தொடங்குகிறார்.

காயலான் என்றால் காயல் ஊரான், அதாவது காயல்பட்டினத்தான். பழைய இரும்பையும் பித்தளையையும் கழிந்துபோன தட்டுமுட்டுச் சாமான்களையும் வாங்கி விற்கும் தொழிலை அவ்வூர் முஸ்லிம்கள் சென்னையில் நடத்தி வந்ததால், கடைக்கே அவர்களுடைய ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது என்பதே பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம். சென்னைப் பேச்சில் 'காயலா' என்பது நோயைக் குறிக்கும். எனவே நோயுற்ற பொருள்கள் கிடக்குமிடம் காயலான் கடை என்று பொருள் கூற ஆசைப்படுவாரும் இருக்கலாம். கேட்க நயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நாம் ஏற்பதற்கில்லை. செட்டியார் கடை, நாடார் கடை என்று விற்பவரைக் கொண்டு கடைக்குப் பெயரிடுவதே நம்மவர் வழக்கம். காயலானும் அந்த வரிசையில் வந்தவனே.

சங்கரன்கோவில் வாசகருக்கு இதில் ஓர் உறவு முறையும் உண்டு. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் காயல்பட்டினமும் சங்கரன்கோவிலும் ஒரே மாவட்டத்து ஊர்கள். 1986இல் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காயல்பட்டினம் அதனோடு போயிற்று. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் அமைந்தபோது சங்கரன்கோவில் இதனோடு வந்தது. ஆட்சி எல்லைகள் மாறின. ஆனால் ஓடாத வண்டியைப் பார்த்து, "காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான்" என்று ஏளனம் பேசும் பழக்கம் மட்டும் இரு மாவட்டத்திலும் மாறவில்லை. ஒரு கடலோர நகரத்தாரின் பெயர் இப்படிக் குப்பைக்கு மறுபெயராகிவிட்டது முறைதானா என்பதைப் பார்ப்பதற்கு, அந்த உடைந்த விளக்கே நமக்கு நல்ல வழிகாட்டியாக அமைகிறது.

முதலில் விளக்கின் கதை. தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளில் திசை காட்டும் விளக்கு என்று எதுவும் இல்லை. ஓட்டுநரின் வலக்கைதான் விளக்கு. வலப்புறம் திரும்புவதானால் கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடப்புறம் திரும்புவதானால் நீட்டிய கையை வட்டமாகச் சுழற்ற வேண்டும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கைச்சைகைகளை ஓர் அட்டவணையாகவே வகுத்து வைத்தது. கைக்குப் பதிலாக வண்டியில் பொருத்திய இயந்திரக் கருவியாலோ மின்கருவியாலோ காட்டலாம் என்ற சலுகையையும் அளித்தது. பகலில் கை போதும். கூண்டு வண்டியின் அடியில் ஆடிக்கொண்டு வரும் அரிக்கேன் விளக்கைத் தவிர வேறு வெளிச்சமில்லாத அந்தக் காலத்துச் சாலையில், இரவில் நீட்டிய கையை யார் கண்டார்?

கைக்கு மாற்றாக முதலில் வந்ததும் ஒரு கைதான். இரு கதவுகளுக்கும் நடுவேயுள்ள தூணில் ஒரு பிளவு இருக்கும். அதனுள் ஒரு சிறு கம்பிக்கை மடங்கிக் கிடக்கும். விசையைத் திருப்பினால் மின்காந்தம் அதைத் தூக்கி வெளியே நீட்டும். அதனுள்ளே ஒரு பல்பு எரியும். டிராபிகேட்டர் என்பது அதன் பெயர். 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இந்நாட்டில் ஓடிய மோரிஸ் மைனர் கார்களை அறிந்தவர்கள் இதை அறிவார்கள். இங்கிலாந்திலேயே மோரிஸ் மைனரில் இந்தக் கை 1961 வரை நீடித்தது. மழையிலும் புழுதியிலும் அது மாட்டிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும்; ஓட்டுநர் தூணில் ஒரு குத்து விட்டால் பிறகு வரும். அமெரிக்காவில் பியூக் நிறுவனம் 1939ஆம் ஆண்டு மாதிரியிலேயே கண்சிமிட்டும் விளக்கைத் தொழிற்சாலையில் வைத்துப் பொருத்தி அனுப்பியது. கை நீட்டும் கருவிகள் மெல்ல மெல்ல மறைந்து, கண்சிமிட்டுவதே உலக வழக்காயிற்று.

சிமிட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிலையாக எரியும் விளக்கைக் கண் பழகிக்கொள்ளும். அணைந்து எரிவதைக் கண் புறக்கணிக்க முடியாது. பழைய பிளாஷர் பெட்டியினுள்ளே வெப்பத்தால் நீண்டு வளையும் உலோகத் துண்டு ஒன்று உண்டு. மின்சாரம் பாயச் சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் மீண்டும் சேரும். ஓட்டுநருக்குக் கேட்கும் 'டிக், டிக்' என்ற ஒலி அதனுடையதே. முன்னே ஒரு 21 வாட், பின்னே ஒரு 21 வாட், ஆக 42 வாட் என்று கணக்கிட்டு அது செய்யப்பட்டிருக்கும். ஒரு பல்பு செத்துவிட்டால் கணக்குத் தப்பி, சிமிட்டும் வேகம் மாறிவிடும். இதைவிட எளிய எச்சரிக்கை வேறென்ன வேண்டும்? 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் இவ்விளக்கு சிமிட்ட வேண்டும் என்றும், ஒளி ஆம்பர் நிறமாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தன.

நம் சாலைகளில் இந்த மொழிக்குக் கிளைமொழிகளும் முளைத்துவிட்டன என்பது வேறு விஷயம். லாரிக்காரர் வலப்புற விளக்கைச் சிமிட்டினால், அவர் வலப்புறம் திரும்பப் போகிறார் என்றும் கொள்ளலாம். 'நீர் முந்திச் செல்லலாம்' என்று அனுமதி தருகிறார் என்றும் கொள்ளலாம். நான்கு விளக்கையும் சேர்த்துச் சிமிட்டினால் 'நேரே போகிறேன்' என்று பொருள் என்பாரும் உளர். சட்டம் இவற்றை அறியாது. உயிர் தப்பியவர்களே இவற்றுக்கு அகராதி எழுத வேண்டும்.

இனி, அந்த விளக்கைத் தாங்கிய சிறு கார்களைப் பார்ப்போம். சுதந்திர இந்தியாவில் மோட்டார்த் தொழில் 1953க்குப் பின் ஒரு வேலிக்குள் அடைக்கப்பட்டது. உதிரியாகக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உறுப்புகளைச் செய்ய வேண்டும் என்று அரசு விதித்ததும், ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவை மூன்று கார்கள் என்று சொல்லிவிடலாம். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர். பம்பாயில் பிரிமியர் நிறுவனத்தின் பியட் 1100, பிற்காலத்தில் பத்மினி என்று பெயர் பூண்டது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு 10, 1961 முதல் ஹெரால்டு. மூன்றாவதை நம் வீட்டுக் கார் என்றே தமிழர் கருதினர்.

புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. காருக்கே அந்த நிலை என்றால், காரின் ஓர் உறுப்புக்கு என்ன நிலை? பெருநகரத்தில் முகவர் கடை இருந்தது; சிற்றூரில் அதுவும் இல்லை. எனவே ஒரு கார் விபத்தில் நசுங்கினால், அதன் சாவு இன்னும் பத்துக் கார்களுக்கு வாழ்வாயிற்று. நசுங்காத பக்கத்துக் கதவு ஒருவருக்கு, கண்ணாடி ஒருவருக்கு, விளக்கு ஒருவருக்கு. பற்றாக்குறைதான் பழைய சாமான் கடையை வளர்த்த செவிலித்தாய்.

அதன் இரண்டாம் பருவம் இன்னும் விசித்திரமானது. 1983 டிசம்பர் 14ஆம் நாள் மாருதி 800 வந்தது, பற்றாக்குறை தீர்ந்தது, பழைய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹெரால்டின் வழிவந்த கெஸல் 1970களிலேயே நின்றுவிட்டது. ஸ்டாண்டர்டு நிறுவனம் கடைசியாக முயன்ற ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரும் 1988இல் முடிந்தது. பத்மினி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றது. அம்பாசிடர் 2014 மே மாதத்தில் நின்றது. அவற்றையெல்லாம் வென்ற மாருதி 800ம் அதே 2014இன் தொடக்கத்தில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன; செய்தவர் இல்லை. இப்போது காயலான் கடைக்குப் புதிய பொறுப்பு ஒன்று வந்து சேர்ந்தது. செத்துப்போன தொழிற்சாலைகளின் கிடங்காக அது ஆயிற்று.

இங்கே நாம் காயலுக்குத் திரும்ப வேண்டியவர்களாகிறோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் என்ற துறைமுகத்தை வியந்து எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கேயிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் தங்கின என்பது அவர் கூற்று. அந்தக் காயல் தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயலா, இன்றைய காயல்பட்டினமா என்பதில் கருத்து வேறுபாடுண்டு. கால்டுவெல் பழையகாயலே என்றார். எதுவாயினும் அந்தக் கரையின் வணிகம் அது.

குதிரை வணிகத்தைப் பற்றிப் போலோ சொல்லும் ஒரு செய்தி நம் பொருளோடு நேரே ஒட்டுகிறது. இந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடமடித்துப் பேணவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்துவிடாதபடி குதிரை வணிகர்களே தடுத்து வைத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்! பழுது பார்க்கும் வழியை அடைத்துப் புதிது விற்கும் தந்திரத்தை இன்றைய நிறுவனங்களே கண்டுபிடித்தன என்று எண்ணுவோர், போலோவை ஒருமுறை புரட்டுவது நல்லது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் துல்லியமாக எழுதுகிறார். கிஷ் தீவின் ஜமாலுத்தீன் பாண்டியனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அவருடைய சொந்த இனத்திலிருந்து அனுப்பப்பட வேண்டும். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர்; காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. உடன்படிக்கையில் ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: வழியில் குதிரை காயமுற்றாலோ இறந்தாலோ அதன் விலையையும் அரசன் தன் கருவூலத்திலிருந்து கொடுத்துவிட வேண்டும். அதாவது, வந்து சேராத பொருளுக்கும் வாங்குபவனே விலை தர வேண்டும். பழைய விளக்கு ஒன்றை வாங்கப் போகிற சங்கரன்கோவில்காரர், தம்முடைய பேரத்தைப் பாண்டியனுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆறுதல் கொள்ளலாம். அவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, எரியவிட்டுப் பார்த்து, பிறகுதான் காசைத் தருகிறார்.

பழுது பார்க்க விடாமல் விற்ற துறைமுகத்தின் பெயரே, பின்னாளில், எதையும் பழுது பார்த்துப் பிழைக்க வைக்கும் கடைக்குப் பெயராயிற்று. இவ்விரண்டுக்கும் நேரான தொடர்பு உண்டென்று நாம் வாதிடவில்லை. குதிரை விற்றவர்கள் பாரசீக வளைகுடாவின் பெருவணிகர்கள். சென்னையில் பழைய இரும்புத் தராசைப் பிடித்தவர்கள் சாமானியக் குடும்பத்தார். ஆயினும் வரலாறு சில வேளைகளில் இத்தகைய கணக்கையும் தீர்த்துக்கொள்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், இராணுவம் ஒதுக்கிய ஜீப்புகளும் லாரிகளும் அவற்றின் உறுப்புகளும் இந்தியாவெங்கும் ஏலத்துக்கு வந்தன. பழைய இரும்புக் கடை மோட்டார் சாமான் கடையாக மாறுவதற்கு அது பெரிய உந்துதலாயிற்று. ஒவ்வொரு பெருநகரத்திலும் இதற்கென ஒரு பேட்டை உருவாயிற்று. பம்பாயில் சோர் பஜாரும் குர்லாவும், கல்கத்தாவில் மல்லிக் பஜார், டில்லியில் மாயாபுரி, சென்னையில் புதுப்பேட்டை. புதிய சாமான் வேண்டுமானால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை; பழையது வேண்டுமானால் கூவத்தின் கரையில் புதுப்பேட்டை. இரண்டும் ஒன்றுக்கொன்று அதிகத் தூரமில்லை.

புதுப்பேட்டைக்கும் சங்கரன்கோவிலுக்கும் இருப்புப் பாதையே உறவு ஏற்படுத்திவிட்டது. 1927இல் திறக்கப்பட்ட விருதுநகர் - தென்காசிப் பாதையில் அமைந்த ஊர் சங்கரன்கோவில். மீட்டர் கேஜ் காலத்தில் கொல்லம் மெயில் இவ்வழியே ஓடிற்று. அகலப் பாதையான பின் பொதிகை விரைவு வண்டி வந்தது. இரண்டும் எழும்பூர் வண்டிகள். இரவு ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்குகிறவருக்குப் புதுப்பேட்டை நடந்து போகும் தூரம். உடைந்த விளக்கை மாதிரிக்காகத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், அதற்கு இணையானதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அன்று மாலை வண்டியிலேயே திரும்பிவிடலாம். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ்ஸில் போய்த் தேடுவோரும் உண்டு. ஆனால் நாட்பட்ட வண்டிக்குப் புதுப்பேட்டையே கடைசி நம்பிக்கை.

அங்கே விளக்கு வாங்குவது ஒரு கலை என்றே சொல்ல வேண்டும். மாதிரியைக் கொண்டு போகாதவன் பாதி தோற்றவன். ஒரே பெயருள்ள காரிலும் ஆண்டுக்கு ஆண்டு விளக்கு வேறுபடும். 1983இல் வந்த மாருதியின் விளக்கு 1986இல் உருமாறி வந்த மாருதிக்குப் பொருந்தாது. இடப்புறத்து விளக்கும் வலப்புறத்து விளக்கும் கண்ணாடியில் தெரியும் முகத்தைப் போலத் தலைகீழானவை, 'எல்.எச்.', 'ஆர்.எச்.' என்ற பொறிப்பைப் பாராமல் வாங்கினால் திருகாணித் துளை ஒத்துவராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது நிறம். கண்ணாடி என்று நாம் வழங்கினாலும் அது பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றது ஆரஞ்சு நிறமிழந்து வெளிறிப்போயிருக்கும். அதனூடே வரும் ஒளி ஆம்பராக இராமல் வெள்ளைக்கு நெருங்கிவிடும். அப்படி வெளிறியதற்கு நகப்பூச்சு பூசிச் சரிக்கட்டுவது வீண் வேலை. திருகாணித் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் முறுக்கிய கையின் அடையாளம் அது. ரப்பர் விளிம்பு இறுகிப்போயிருந்தால் மழைநீர் உள்ளே புகும். உள்ளே உள்ள வெள்ளித் தகடு துருவேறி, விளக்கு எரிந்தும் எரியாததுபோலத் தெரியும்.

பல்பு மாட்டும் குழி இன்னும் முக்கியம். அங்கே பித்தளைத் தொடுமுனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கக் கூடாது. சுருள்வில் அழுத்தினால் எதிர்க்க வேண்டும். பல்பின் அடிப்பாகம் 15 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. பக்கவாட்டில் இரண்டு முளைகள் உண்டு. ஒற்றை இழைப் பல்புக்கு முளைகள் நேரெதிராக இருக்கும். பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் சேர்த்துப் பயன்படும் இரட்டை இழைப் பல்புக்கு முளைகள் உயரம் மாறியிருக்கும். நிறமற்ற கண்ணாடிக்குள் மாட்டும் ஆம்பர்ப் பல்புக்கு முளைகள் சற்றுக் கோணலாக அமைந்திருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைந்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. முளையை அரத்தால் ராவிவிட்டு நுழைக்கும் கெட்டிக்காரர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடமிருந்து வண்டியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மிகப் பழைய கார்களில் சிலவற்றில் 6 வோல்ட் மின்சாரம் என்பதையும் மறக்கலாகாது. அதற்குரிய பல்பு 12 வோல்ட்டில் ஒரே கணத்தில் உயிர்விடும்.

பெரும்பாலான பழைய விளக்குகளுக்கு ஒரு கம்பிதான் வரும். மற்றொரு பாதை வண்டியின் உடம்பு. புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்திலோ துருவின் மேலோ விளக்கைப் பொருத்திவிட்டால் அந்தப் பாதை அடைபடும். அப்போது மின்சாரம் பக்கத்துப் பல்பின் வழியே வெளியேற முயலும். இண்டிகேட்டர் போட்டால் நிறுத்த விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டும். கடைக்காரர் கெட்ட பொருளைத் தந்துவிட்டார் என்று ஏசுவதற்கு முன் திருகாணியடியில் சிறிது உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்ப்பது நியாயம்.

பழையதை ஏன் வாங்க வேண்டும், புதிதாகச் செய்த போலி மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். நம் கருத்து இது: நல்ல நிலையிலுள்ள பழைய அசல் விளக்கு, புதிய போலியைவிட மேலானது. அசலின் கண்ணாடிக்குள்ளே வரிவரியாக வெட்டியிருக்கும் பட்டைகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. பல்பின் ஒளியை எந்தக் கோணத்தில் எவ்வளவு தூரம் பரப்ப வேண்டும் என்று கணக்கிட்டு வெட்டியவை. வெளிநாட்டு விளக்குகளில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும், முன்விளக்குக்கு 1, பின்விளக்குக்கு 2ஏ, பக்கவிளக்குக்கு 5 என்ற எண்ணும் பொறித்திருப்பது அந்தச் சோதனையில் தேறியதற்கான முத்திரை. போலி செய்பவர் வெளித்தோற்றத்தைப் பார்த்து அச்சு எடுக்கிறார். பின்னே வரும் சைக்கிள்காரருக்கு அந்த ஒளி பக்கவாட்டில் தெரியுமா என்பதை அவர் சோதித்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆடித்தபசுக் கூட்டத்தில் சங்கரன்கோவில் வீதிகளில் வண்டி திருப்புகிறவருக்கு இந்தப் பக்கவாட்டு ஒளியின் அருமை தெரியும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. கொழும்பில் மருதானையை ஒட்டிய பஞ்சிகாவத்தை நம்மவர்களுக்குப் பழக்கமான இடம். 1970 முதல் 1977 வரை இலங்கை இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலத்தில் பழையதைக் கொண்டே பழையதை ஓட்ட வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் அந்நாடு மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் கதவைத் திறந்தது. பஞ்சிகாவத்தையின் தேவை மறுபடியும் ஊருக்கு விளங்கிற்று. ஷார்ஜாவின் பழைய உறுப்புச் சந்தையோ பற்றாக்குறையால் எழாமல் மிகுதியால் எழுந்தது. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன நம் கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்து மக்கள் அதையும் கண்டிருப்பார்கள்.

பழைய சாமான் சந்தை என்றாலே திருட்டுச் சந்தை என்ற பேச்சு எழும். பம்பாய்ச் சந்தையின் பெயரே 'சோர்' என்று தொடங்குகிறது. குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். மீரட் நகரின் சோத்திகஞ்ச் திருட்டுக் கார்களை உடைத்து விற்பதற்குப் பேர்போனது. 2021 டிசம்பரில் காவல்துறை அதை மூடியது. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவது பழைய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவிலும் குற்றம். 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவிலும் குற்றம். ஆகவே ரசீது கேட்பது வாங்குபவரின் கடமை. கேட்டால் முகம் சுளிக்கும் கடையை விட்டு நகர்வது அறிவுடைமை. ஆனால் ஒரு சந்தையின் பழியை எல்லாச் சந்தைகள் மீதும் சுமத்துவது, ஒரு கள்ள நாணயத்துக்காக எல்லா நாணயத்தையும் ஆற்றில் எறிவதற்கு ஒப்பாகும்.

சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து டிஎன் 79 எண்ணுள்ள வண்டியாயினும், அதற்கு முந்திய பழைய எண்ணுள்ள வண்டியாயினும் விதி ஒன்றே. சோதனையில் இண்டிகேட்டர் எரியாத வண்டி தேறாது. புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. விளக்கு எரிய வேண்டும் என்று அரசு கேட்பது முற்றிலும் சரி. அந்த விளக்கைச் செய்த தொழிற்சாலை இல்லை என்பதும் அரசுக்குத் தெரியும். இடையே நின்று, சட்டத்துக்கு உடன்பட்டு நடக்க ஏழை உடைமையாளருக்கு வழி செய்துவைப்பது காயலான் கடை ஒன்றுதான். அதைச் சட்டத்துக்குப் புறம்பான இடமாகவே கருதிப் பழகிவிட்டோம்.

2021 ஆகஸ்டில் வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. கழிந்த வண்டிகளைப் பதிவு பெற்ற நிலையங்களில் ஒப்படைத்துச் சான்று பெற்று உடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எண்ணெயும் பாட்டரி அமிலமும் கூவத்தில் கலக்காமல் இருக்க இத்தகைய ஒழுங்கு தேவைதான். அதை மறுக்க மாட்டோம். ஆனால் முழு வண்டியும் ஒரே அழுத்தில் நசுக்கப்பட்டு உருக்காலைக்குப் போகுமானால், நசுங்குவதில் பத்து நல்ல விளக்குகளும் சேரும். பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 20 ஆண்டு வரம்பு எட்டி 2023 அக்டோபர் இறுதியில் சாலையை விட்டு விலகின. அவற்றின் மீது இரங்கல் கட்டுரைகள் நிறைய வந்தன. அவற்றின் உறுப்புகள் எங்கே போயின என்று கேட்டவர்கள், எங்கோ ஒரு சிற்றூரில் தங்கள் பத்மினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

புதுப்பேட்டைக் கடையில் பேரம் முடிந்ததும் நடப்பது ஒன்றுண்டு. கடைக்காரர் மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய பாட்டரியை இழுப்பார். விளக்கின் உலோக அடிப்பாகத்தில் ஒரு கம்பியை வைப்பார். மற்றொரு கம்பியைப் பித்தளை முனையில் தொட்டு எடுப்பார், தொட்டு எடுப்பார். அங்கே பிளாஷர் இல்லை. அவர் விரலே பிளாஷர். ஆம்பர் ஒளி அந்த இருட்டுக் கடையில் வந்து வந்து போகும். வாங்குபவர் இரண்டடி பின்னே நகர்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தும் ஒருமுறை பார்த்துவிட்டு, காசை எடுத்து நீட்டுவார்.